சட்ட ஆலோசனை: மிச்சமுள்ள 188 பெட்டியைத் தொடாதீர்கள்

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். புகழ்பெற்ற ஆங்கில விண்வெளிப் படத்தொடர் ஒன்றின் வெறியன். மூன்று வருடம் ராத்திரி கண்விழித்து, அந்தக் கதையை வைத்து 96 சீட்டுகள் கொண்ட ஓர் ஆட்டம் உருவாக்கினேன். விதிகள் முழுக்க என் மூளையில் உதித்தவை. படங்களைக் கல்லூரி நண்பர் வரைந்தார், காசு வாங்கவில்லை. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து, சிவகாசியில் 500 பெட்டி அச்சடித்தேன். ஏற்காடு கோடை விழா சமயத்தில் ஒரு கடை வாசலில் மேசை போட்டும், இன்ஸ்டாகிராமிலும், 450 ரூபாய் வீதம் 312 பெட்டி விற்றன. டெல்லியிலிருந்துகூட ஒருவர் வாங்கினார்! 'இது அதிகாரப்பூர்வமானதல்ல, ரசிகர் படைப்பு' என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறேன். இப்போது டெல்லி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 15 நாளில் விற்பனையை நிறுத்தி, சரக்கை ஒப்படைத்து, கூடவே அனுப்பியிருக்கும் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டு, 15 லட்சம் கொடுக்க வேண்டுமாம். நான் அவர்களுக்கு இலவச விளம்பரம்தானே செய்தேன்? புது பஸ் ஸ்டாண்டில் அதே படம் போட்ட டி-ஷர்ட் குவிந்து கிடக்கிறதே, அவர்களை ஏன் விட்டார்கள்? கோள்மூட்டியது நண்பர்தான் என்று சந்தேகம், அவர்மீது வழக்குப் போடலாமா? விதிகளுக்கு பேட்டன்ட் வாங்கி எதிர்வழக்குத் தொடுக்க முடியுமா? மீதி 188 பெட்டியைக் கெடுவுக்குள் விற்று நகையையாவது மீட்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். கூடாது. ஒரு பெட்டிகூட.

மற்ற வருத்தங்கள் எனக்குப் புரிகின்றன, ஆனால் வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. டி-ஷர்ட் விற்பவரை அவர்கள் ஏன் விட்டார்கள் என்பது அவர்கள் விருப்பம். யார்மீது வழக்குப் போடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. விளம்பரம் செய்து கொடுத்தேன் என்பதும் எடுபடாது. படத்தின் சீட்டாட்ட உரிமை என்பதே தனியாக விலைபோகும் சரக்கு. ஸ்டார் வார்ஸ் சீட்டாட்டத்தை 1995-ல் டெசிஃபர் என்ற அமெரிக்க நிறுவனம் உரிமம் வாங்கித்தான் வெளியிட்டது. 2001 முடிவில் உரிமம் கைவிட்டுப் போனதும் அவர்களே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. காசு கொடுத்தவர்களுக்கே நிலைமை அது.

உங்கள் வழக்கில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே விஷயம்: பெட்டிக்குள் எது உங்களுடையது, எது அவர்களுடையது? இங்கேதான் வேடிக்கை. மூன்று வருடம் உழைத்து உருவாக்கிய ஆட்ட முறைக்குச் சட்டம் பாதுகாப்பு தருவதில்லை. பேட்டன்ட் சட்டம், 1970, பிரிவு 3-ஐப் பாருங்கள்: விளையாட்டை ஆடும் முறை கண்டுபிடிப்பு ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். எனவே பேட்டன்ட் பேச்சு முடிந்தது. பதிப்புரிமையும் கருத்துக்குக் கிடையாது, அதைச் சொல்லும் வடிவத்துக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் சொல்லிவிட்டது. விதிப் புத்தகத்தை நீங்கள் எழுதிய வாசகம் உங்களுடையது, அதை அப்படியே நகலெடுத்தால் தடுக்கலாம். ஆனால் நாளைக்கு ஒருவர் அதே ஆட்டத்தைத் தன் சொற்களில் எழுதி விற்றால் நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

சட்டம் பாதுகாப்பது எதை? படத்தின் பெயர், கதாபாத்திரங்கள், அவர்களுடைய உருவம், லோகோ. நீங்கள் கடன் வாங்கியது முழுக்க அந்தப் பக்கத்துச் சரக்கு. நண்பர் கையால் வரைந்தார் என்பது உதவாது. அவர்களுடைய பாத்திரத்தை யார் கையால் வரைந்தாலும் அது அவர்களுடைய பாத்திரம்தான். நாகராஜ் என்ற காமிக்ஸ் பாம்பு நாயகனைப் போல நாகேஷ் என்று இன்னொருவர் கொண்டுவந்தபோது டெல்லி உயர் நீதிமன்றம் தடை கொடுத்தது.

இதற்கு நேர் எதிரான வழக்கு ஒன்று அமெரிக்காவில் உண்டு. 'பேங்' என்ற கௌபாய் சீட்டாட்டத்தின் விதிகளை ஒரு நிறுவனம் ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டு, கௌபாய்க்குப் பதிலாகப் பழைய சீன வீரர்களை வைத்து விற்றது. டெக்சாஸ் நீதிமன்றம் 2016-ல் நகலெடுத்தவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நம் ஊர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் தர்க்கம் இங்கும் அதுதான். 2008-ல் கொல்கத்தா சகோதரர்களின் 'ஸ்க்ராபுலஸ்' ஆட்டத்துக்கு எதிராக 'ஸ்க்ராபிள்' உரிமையாளர் டெல்லியில் வழக்குப் போட்டபோது, பலகைக்கும் விதிக்கும் பதிப்புரிமைத் தடை கிடைக்கவில்லை. பெயருக்கு டிரேட்மார்க் தடை கிடைத்தது. அவர்கள் 'லெக்சுலஸ்' என்று மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

'அதிகாரப்பூர்வமானதல்ல' என்ற வரிக்கு வருகிறேன். வாடிக்கையாளர்கள் இதை ஏதோ கவசம் மாதிரி நினைக்கிறார்கள். தெரியாமல் மீறியவருக்குப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 55 கொஞ்சம் சலுகை தருகிறது: இழப்பீடு கிடையாது, தடையும் லாபக் கணக்கும் மட்டும். நீங்களோ உரிமை வேறொருவருடையது என்று எனக்குத் தெரியும் என்பதைப் பெட்டிக்குப் பெட்டி அச்சடித்து விற்றிருக்கிறீர்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நண்பர்களோடு ஆடினால் பிரிவு 52 உங்களைக் காப்பாற்றும். 450 ரூபாய் வாங்கிய இடத்தில் காப்பாற்றாது.

டெல்லியிலிருந்து வாங்கிய அந்த ரசிகர் ரசிகர் இல்லை. நோட்டீஸின் இணைப்பைப் புரட்டிப் பாருங்கள், உங்கள் கூரியர் ரசீதின் நகல் அநேகமாக அங்கே இருக்கும். டெல்லியிலும் சரக்கு விற்றீர்கள் என்று காட்டி அங்கேயே வழக்குப் போடுவதற்காக வாங்கியது அது. இப்படித் தூண்டிலில் சிக்கிய ஒற்றை விற்பனை மட்டும் போதாது என்று 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, வாதாடலாம். ஆனால் அதை வாதாடவே நீங்கள் டெல்லி போக வேண்டும். சேலத்திலிருந்து ஒரு வாய்தாவுக்குப் போய்வரும் செலவை 188 பெட்டிகளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது நான் பயப்படும் இடம். நோட்டீஸ் வரைக்கும் செய்த தப்பு சின்னது, வந்த பிறகு செய்வதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிப் பை வியாபாரி ஒருவர் என் கட்சிக்காரர். கார்ட்டூன் பொம்மை போட்ட பைகள். நோட்டீஸ் வந்தது. 'ஸ்கூல் திறக்கிற நேரம் வக்கீல் சார், பத்து நாள்ல தள்ளிட்டு அப்புறம் பதில் போடலாம்' என்றார். வேண்டாம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய், பாதிச் சரக்கை மினிடோர் ஆட்டோவில் ஏற்றி ஆட்டையாம்பட்டியில் மச்சான் வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டார். அடுத்த வாரமே உரிமையாளர் டெல்லியில் இவரைக் கேட்காமலே ஒருதலைத் தடை வாங்கிவிட்டார். சரக்கைக் கணக்கெடுக்க நீதிமன்றம் நியமித்த வக்கீலான அட்வகேட் கமிஷனர் போலீஸ்காரரோடு வந்து இறங்கினார். கடை முன்னால் தெருவே கூடிவிட்டது. கமிஷனர் பைகளை எண்ணினார், பிறகு பில் புத்தகத்தை வாங்கிக் கார்பன் காப்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். வாங்கியது இவ்வளவு, விற்றது இவ்வளவு, இருப்பது இவ்வளவு, மீதி எங்கே? அங்கேயே வியாபாரி மாட்டினார். அதற்குமேல் 'வேறெங்கும் சரக்கு இல்லை' என்று பிரமாணப் பத்திரம் வேறு போட்டுவைத்திருந்தார். எளிதாக முடிந்திருக்க வேண்டிய வழக்கு, மன்னிப்புப் பத்திரம், செலவுத்தொகை, எட்டு டெல்லிப் பயணம் என்று இழுத்தது. தடையுத்தரவை மீறினால் சொத்தைப் பற்றுகை செய்யலாம், 3 மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம்.

உங்களிடம் பில் புத்தகம் இருக்காது. ஜிபே வரலாறு, இன்ஸ்டா செய்திகள், கூரியர் புக்கிங் இருக்கும். அவைதான் உங்கள் கார்பன் காப்பி. இன்ஸ்டா பதிவுகளை அழித்துவிடலாமா என்று யோசித்திருப்பீர்கள். விற்பனைப் பதிவுகளைப் பிறர் கண்ணில் படாதபடி ஆர்க்கைவ் செய்து வையுங்கள், அழிக்க வேண்டாம். அவர்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாகிவிட்டது, நீங்கள் அழித்தது மட்டும் புதிதாகத் தெரியவரும். கோபத்தில் சரக்கைக் கொளுத்துவதும் அதே வகைத் தப்பு. 188 பெட்டியையும் எண்ணி, போட்டோ எடுத்து, ஒரே அறையில் பூட்டி வையுங்கள். ஒன்றைக்கூட மாணவனுக்குப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

கிரிமினல் பக்கமும் உண்டு. தெரிந்தே மீறினால் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 63: 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்ன பிறகு, ஸ்டேஷனில் மேசையைத் தட்டி முடிக்கிற விஷயமாக இது இல்லை. எஃப்ஐஆர் பதிவாகிவிட்டால் பிறகு நீங்களும் அவர்களும் கைகுலுக்கினாலும் போதாது, அதை ரத்து செய்ய உயர் நீதிமன்றம் போக வேண்டும். தனியார் பள்ளி நிர்வாகம் அதுவரை பொறுத்திருக்குமா என்று நீங்களே யோசியுங்கள். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு விற்ற பெட்டி ஒவ்வொன்றும் 'தெரிந்தே' என்ற சொல்லுக்கு அவர்கள் காட்டும் சாட்சி.

இன்னொன்று: அமெரிக்காவில் உள்ள நிறுவனத்துக்கு உருக்கமாக மெயில் எழுதாதீர்கள். 'நான் உங்கள் ரசிகன், மூன்று வருடம் உழைத்தேன், 312 மட்டும்தான் விற்றேன்' என்பதை நீங்கள் காதல் கடிதமாக எழுதுவீர்கள். அவர்கள் வக்கீல் ஒப்புதல் வாக்குமூலமாகக் கோப்பில் சேர்ப்பார்.

ஆகவே சமரசம் பேசுங்கள். இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை. 15 லட்சம் என்ற எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம், பேரம் தொடங்கும் எண் அது. உங்கள் மொத்த விற்பனையே 1,40,400 ரூபாய், லாபம் இல்லை. அச்சகப் பில்லையும் அடகு ரசீதையும் வைத்துக் கணக்கைக் காட்டினால் பேச்சு இறங்கும். கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் போக வேண்டும், விற்பனை நின்றுவிட்டது என்ற ஒரு வரியோடு. 'என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்' என்று நீதிமன்றத்தில் முன்கூட்டியே கொடுக்கும் கேவியட் மனுவும் போட்டு வையுங்கள், 90 நாள் நிற்கும். உங்களைக் கேட்காமல் தடை வாங்குவது கடினமாகும். வழக்குப் போடும் முன் மத்தியஸ்தத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள். அவசரத் தடை கேட்பவருக்கு அந்தப் படி தேவையில்லை.

அவர்கள் அனுப்பிய உறுதிமொழியில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். நான் பார்த்த வரையில் இந்த மாதிரிப் பத்திரத்தில் மூன்று முள் இருக்கும். வேண்டுமென்றே மீறினேன் என்ற ஒப்புதல் ஒன்று. இனி ஒவ்வொரு மீறலுக்கும் இத்தனை லட்சம் என்ற தொகை இன்னொன்று. மூன்றாவதுதான் விஷம்: 'இதையொத்த எந்த ஆட்டத்தையும்' இனி வெளியிடமாட்டேன் என்ற வாசகம். இதில் கையெழுத்துப் போட்டால் சட்டம் தடுக்காத உங்கள் விதிகளை நீங்களே தடுத்துக்கொள்கிறீர்கள். ஸ்க்ராபுலஸ் கதையை ஞாபகம் வைக்கச் சொன்னது இதற்குத்தான். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், பெயரையும் பாத்திரங்களையும் படங்களையும் மட்டும் விட்டுத்தருகிறேன், ஆட்ட முறையை வேறு கதையில் வெளியிட எனக்குத் தடையில்லை என்று எழுதி வாங்குங்கள். தொகையில் ஐயாயிரம் பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை, இந்த வரியை விடாதீர்கள். பழைய விற்பனை எல்லாவற்றுக்கும் சேர்த்து முழு விடுவிப்பு வேண்டும், அதில் சிவகாசி அச்சகத்தின் பெயரும் நண்பரின் பெயரும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களோடு முடித்துவிட்டு அவர்களைப் பிடிப்பார்கள், அவர்கள் உங்களைப் பிடிப்பார்கள்.

நண்பர்மீது வழக்கா? இருக்கிற உரிமையைப் பற்றி உரிமையாளரிடம் சொன்னது குற்றமில்லை, அவர்தான் சொன்னார் என்பதற்கும் உங்களிடம் ஆதாரமில்லை. உங்களுக்கு அவர் வேண்டும். சீட்டின் ஓரப் பூவேலை, பின்பக்க வடிவம், கிரகக் காட்சிகள் என்று படத்தோடு சம்பந்தமில்லாமல் அவர் சொந்தமாக வரைந்தவை இருக்கும். காசு கொடுக்காமல், எழுதி வாங்காமல் வரைந்த ஓவியத்துக்கு வரைந்தவரே உரிமையாளர். நாளைக்கு விண்கலம் சேர்வராயன் மலையில் வந்து இறங்குகிற மாதிரி நீங்கள் சொந்தக் கதை கட்டினாலும், அந்த வடிவங்களை அச்சில் ஏற்ற அவருடைய கையெழுத்து வேண்டும். காலமும் இடமும் குறிப்பிட்டு எழுதுங்கள், விட்டுவிட்டால் சட்டம் 5 வருடம், இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளும். அவரோடு சண்டை போடுவதாக இருந்தால் அந்தக் கையெழுத்தை வாங்கிய பிறகு போடுங்கள்.