ஏற்றத்தில் தடுமாறும் பழைய ஓட்டோ கொரோலா: கியர்பொக்ஸைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

உங்களிடம் இருப்பது 1990களின் கொரோலா கார், ஓட்டோ கியர். நீங்கள் சொல்லும் குறைகள் மூன்று: நுவரெலியாக் குளிரில் காலையில் டி (டிரைவ்) போட்டால் தாமதித்துப் பிடிக்கிறது, இறம்பொடை ஏற்றத்தில் 3க்கும் 4க்கும் மாறிமாறித் தாவுகிறது, சிலவேளை என்ஜின் இரைகிறது, வண்டி இழுப்பதில்லை. கராஜில் கியர்பொக்ஸையே மாற்றச் சொன்னார்கள் என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

தாவல் பெரும்பாலும் பழுதல்ல. 4ஆம் கியரில் ஏற என்ஜினுக்கு வலு போதாது. 3க்கு இறங்கி வேகம் எடுத்ததும் மறுபடி 4க்குப் போகிறது. ஒவ்வொரு தாவலிலும் கியர்பொக்ஸ் ஒயில் சூடாகும். அடிவாரத்திலேயே பட்டனை அழுத்தி ஓவர்டிரைவை (4ஆம் கியரை) நிறுத்திவிடுங்கள். இறக்கத்தில் லீவரை 2இல் வையுங்கள், நியூட்ரலில் ஒருபோதும் உருட்டாதீர்கள்.

அடுத்தது கியர்பொக்ஸ் ஒயில். மலைநாட்டில் பலருக்குத் தப்புவது இங்கேதான்: சரிவில் நிறுத்திப் பார்த்தால் கியர்பொக்ஸ் டிப்ஸ்டிக் (ஒயில் அளவுக் கம்பி) காட்டும் அளவு பிழை. நன்றாக ஓடிச் சூடேறிய பின் (70–80 பாகை செல்சியஸ்), பெற்றோல் செட் போன்ற சமதரையில் நிறுத்துங்கள். என்ஜின் ஓடட்டும். பிறேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய் பார்க்கிங்குக்குத் திருப்புங்கள். பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஒயில் சூட்டுக்குரிய கோடுகளுக்கிடையில் நிற்கிறதா பாருங்கள். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும், கூடினால் நுரைக்கும். இரண்டிலும் ஒயில் அழுத்தம் விழுந்து கியர்பொக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் வழுக்கும். கருகிய வாசமும் கபில நிறமும் கிளட்ச் தட்டுகள் எரிந்ததற்கு அடையாளம். ரோஸ் பால் போலிருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் கசிந்து தண்ணீர் கலக்கிறது, வண்டியை ஓட்டவே வேண்டாம்.

ஒயில் மாற்றும்போது பானிலிருந்து (கியர்பொக்ஸின் அடித்தட்டிலிருந்து) சுமார் 3 லீற்றர்தான் வரும், மிச்சம் பெரும்பாலும் என்ஜினையும் கியர்பொக்ஸையும் ஒயிலால் இணைக்கும் கொன்வேர்ட்டரில் தங்கும். வடிந்ததை அளந்து அதே அளவு டெக்ஸ்ரோன் 3 வகை ஓட்டோ கியர் ஒயில் ஊற்றுங்கள். பான் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை வழமையானது. மின்னும் உலோகத் துண்டுகள் கிடந்தால் கியர்பொக்ஸைத் திறக்கத்தான் வேண்டும்.

ஆக்ஸிலேட்டரின் அசைவைக் கியர்பொக்ஸுக்குச் சொல்லும் த்ரொட்டில் கேபிளைப் பலர் தொடுவதே இல்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்திருக்கும்போது கேபிளிலுள்ள சிறு தடுப்புக்கும் உறை முனைக்கும் இடைவெளி 0–1 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். தளர்ந்தால் அழுத்தம் குறைந்து வழுக்கும். இறுகினால் உதைத்து மாறும்.

இவை சரியான பின்பும் தாமதம் இருந்தால் நேரம் பிடியுங்கள், சோதனைகளுக்கிடையே ஒரு நிமிடம் விட்டு. நியூட்ரலிலிருந்து டி பிடிக்க 1.2 செக்கன், ரிவர்ஸுக்கு 1.5 செக்கனுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் தாமதமென்றால் அழுத்தக் குறைவு. டி மட்டும் தாமதமென்றால் முன்னோக்கிய கிளட்ச் தேய்ந்திருக்கலாம். அப்போது கழற்றச் சொல்லுங்கள்.