வாசல் சண்டைக்கு வயிறு காரணமா?

கேள்வி: பஹாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வீட்டுக்குப் பின்னால் நான்கு பெட்டிகளில் அடுக்குத் தேனீ வளர்க்கிறேன். ஒரு பெட்டி நலிந்துபோனதால், கோழிக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் சீனிப்பாகில் கலந்து வைத்தேன். இப்போது அதன் வாசலில் ஓயாத சண்டை. குடல் கிருமிகள் செத்துப்போனதால் தேனீக்களுக்குச் சொந்தக் கூட்டம் தெரியவில்லை என்கிறார் நண்பர். புரோபயாட்டிக் என்னும் நல்ல கிருமிப் பொடி வாங்கிக் கொடுக்கலாமா ஐயா?

பதில்: நண்பர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதி சுவையானதும்கூட. தேனீக்குத் தன் கூட்டத்தாரை அடையாளம் காட்டுவது உடம்பின் மெழுகுப் பூச்சிலிருந்து வரும் வாசனை. உடன்பிறந்த தேனீக்களுக்கே வெவ்வேறு குடல் நுண்ணுயிர்களை ஊட்டினால் அந்த வாசனை மாறிவிடும் என்று 2020இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2022இல் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் நடந்த ஆய்விலோ, குடலில் நுண்ணுயிர் உள்ள தேனீக்கள் தலையோடு தலை ஒட்டி அதிகம் பழகின. அதுவும் ஆள் பார்த்துப் பழகின. இரண்டுமே இத்தாலியத் தேனீ இனத்தில் நடந்தவை. ஆனால் முக்கியக் குடல்வாசிகள் பல உங்கள் அடுக்குத் தேனீக்கும் உண்டு.

இருந்தாலும் உங்கள் வாசலில் நான் முதலில் சந்தேகப்படுவது திருட்டைத்தான். பலவீனமான பெட்டி, உள்ளே பாகு வாசனை, காவலுக்கு ஆள் குறைவு: தேனைத் திருடப் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் வராமல் இருக்குமா? வெளியேறும் தேனீக்கள் மேல் சிறிது கோதுமை மாவைத் தூவிவிட்டு, மாவு பூசியவை எந்தப் பெட்டிக்குள் நுழைகின்றன என்று பாருங்கள். திருடன் அகப்பட்டுவிடுவான். வாசலை ஒன்றிரண்டு தேனீ நுழையும் அளவுக்குச் சுருக்குங்கள். பாகை இருட்டியபின், பெட்டிக்கு உள்ளேயே, ஒரு துளியும் சிந்தாமல் வையுங்கள்.

டெட்ராசைக்ளினை இன்றே நிறுத்துங்கள். அதை உண்டு கூட்டுக்குத் திரும்பிய தேனீக்களில் பிழைத்தவை குறைவு என்று 2017இல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. தோட்டத்தில் அடிக்கும் களைக்கொல்லியான கிளைபோசேட்டும் நல்லதில்லை. அது செடிகளில் தாக்கும் நொதி தேனீயின் உடலில் கிடையாது. ஆனால் அதன் குடல் நுண்ணுயிர்கள் பலவற்றில் உண்டு. மருந்தடிக்கும் நாளைத் தோட்ட மேற்பார்வையாளரான மண்டோரிடம் முன்னரே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புரோபயாட்டிக் பொடிக்குக் காசைக் கரைக்க வேண்டாம். அறையை உடைத்து வெளிவரும் இளந்தேனீயின் குடல் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். முதல் சில நாட்களில் அடையிலிருந்தும் மூத்த தேனீக்களிடமிருந்தும் அது தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்ளும். ஆகவே திருட்டு அடங்கியபின், நோயில்லாத பெட்டியிலிருந்து புழு வளரும் அடை ஒன்றை, அதில் ஒட்டியிருக்கும் இளந்தேனீக்களோடு நலிந்த பெட்டிக்கு மாற்றி வையுங்கள். ராணி அதில் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புழுக்கள் பைபோல் உப்பிச் செத்துக் கிடக்கும் பெட்டியைத் தொடவே வேண்டாம், நோய் பரவிவிடும்.

இன்னொன்று: மருந்து குடித்த பெட்டியின் தேனை இந்தப் பருவத்தில் யாருக்கும் விற்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் கொடுக்காதீர்கள்.