தண்ணீர் பளிங்கு மாதிரி, மீனுக்கு மட்டும் மூச்சு வாங்குகிறது

கேள்வி: இரண்டடித் தொட்டியில் ஆறு கோல்ட்பிஷ் வளர்க்கிறேன். பில்டரில் கார்பன் (பதப்படுத்திய கரி) பை போட்டு ஐந்து மாதமாகிறது. தண்ணீர் தெளிவுதான், ஆனாலும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. கார்பனை மாற்றவா?
- வாசகர், ஹட்டன்

பதில்: மாற்றுங்கள். ஆனால் அதனால் மட்டும் இது தீராது. தொட்டியில் போடும் மரக்கட்டையின் பழுப்புச் சாயம், வாடை, மருந்து, குளோரின் இவற்றைத்தான் கார்பன் பிடிக்கும். மீன் கழிவில் வரும் அமோனியாவை அது பிடிப்பதில்லை. தெளிந்த தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நம்பவைப்பதே அதனால் வரும் வம்பு.

உங்கள் தொட்டி கொள்வது ஏறக்குறைய 50 லீற்றர். ஆறு கோல்ட்பிஷ்ஷுக்கு அது போதாது. போதாக்குறைக்கு, அமோனியாவைத் தின்னும் பக்டீரியாக்கள் மலைநாட்டுக் குளிரில் மந்தமாகிவிடும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியா தெரிந்தால் இன்றே கால்பங்கு தண்ணீரை மாற்றுங்கள். பீலித் தண்ணீரைச் சில்லென்று அப்படியே ஊற்றாமல், அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுங்கள். இரண்டு நாள் தீனி வேண்டாம், ஏர் பம்ப் இரவிலும் ஓடட்டும்.

அவசரத்துக்கு 100 கிராம் ஸியோலைட் என்ற கனிமக் கல்லை வலைப்பையில் கட்டி பில்டரில் வையுங்கள். அது அமோனியாவைப் பிடிக்கும். அது இருக்கும்போது தொட்டியில் உப்புப் போடவே கூடாது. பிடித்ததையெல்லாம் உப்பு திரும்பக் கக்கவைத்துவிடும். அதே குணத்தை வைத்துத்தான் ஸியோலைட்டைப் புதுப்பிக்கிறோம்: வெளியே ஒரு வாளியில் லீற்றருக்கு 50 கிராம் உப்புக் கரைத்து ஒரு நாள் ஊறவைத்து, நன்றாக அலசினால் மறுபடி உதவும்.

பழைய கார்பனை உடனே வீசாதீர்கள். சாயம் பிடிக்கும் வேலை மூன்று, நான்கு வாரத்திலேயே முடிந்திருக்கும், இப்போது அது பக்டீரியாக்களின் வீடு. அவை குடிமாற, பக்கத்தில் செரமிக் வளையங்களைப் போட்டு, ஒரு மாதம் கழித்துப் பழைய கார்பனை எடுங்கள். புதுக் கார்பன் 50 கிராம் போதும். கறுப்புத் தண்ணீர் நிற்கும்வரை கழுவி, ஸ்பொஞ்சுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் அழுக்கு அடைத்து வீணாகும்.

கேள்வி: வெண்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றியும் குணமில்லை. பில்டரில் கார்பன் இருக்கிறது.
- வாசகர், பண்டாரவளை

பதில்: மருந்தை மீனுக்குக் கிடைக்கவிடாமல் கார்பன் குடித்துவிட்டது. அதை எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள், ஸ்பொஞ்ச் இருக்கட்டும். இந்தக் கிருமி தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் மருந்துக்குச் சாகும். 25 பாகையில் ஒரு வாரத்துக்குள் முடியும் அதன் சுற்று, குளிரில் பல வாரம் இழுக்கும். புள்ளி மறைந்ததும் நிறுத்திவிடாதீர்கள். சிகிச்சை முழுதாக முடிந்தபின் புதுக் கார்பன் போட்டால் மிச்ச மருந்தை அது எடுத்துவிடும்.

கேள்வி: அடுப்பில் எரித்த சிரட்டைக் கரியைக் கழுவிப் போடலாமா?
- வாசகர், நுவரெலியா

பதில்: வேண்டாம். நம் நாட்டில் கார்பன் செய்வதும் சிரட்டையில்தான், ஆனால் அந்தக் கரியை 800 முதல் 1000 பாகைச் சூட்டில் நீராவி பாய்ச்சி நுண்துளை திறக்கிறார்கள். அடுப்புக் கரியில் அந்தத் துளைகள் இல்லை, சாம்பல்தான் உண்டு. மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது, பி.எச். (அமில, கார அளவு) மாறாமல் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. கொஞ்சம் சாம்பலுக்கே பி.எச். ஏறிவிடும். ஏறினால், அதுவரை பெரிதாகத் தீங்கு செய்யாமல் கிடந்த அமோனியம் நச்சு அமோனியாவாக மாறும்.