எக்ஸ்பி நிறுவும்போது 7பி நீலத்திரை: டிஸ்க் மேல் தப்பில்லை

பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஹார்ட் டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் எக்ஸ்பி நிறுவத் தொடங்கினால் 7பி பிழையோடு (விண்டோஸால் டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று பொருள்) நீலத்திரை வருகிறது என்கிறீர்கள். டிஸ்க்கைச் சந்தேகப்படாதீர்கள். எக்ஸ்பி வந்தது 2001இல், சாட்டா டிஸ்க்கோடு கணினி பேசும் முறையான ஏஎச்சிஐ வந்தது 2004இல். ஏஎச்சிஐக்கான டிரைவர் எக்ஸ்பி சிடியில் இல்லை, அவ்வளவுதான்.

பயாஸில் சாட்டா மோடை ஏஎச்சிஐயிலிருந்து பழைய முறையான ஐடிஇக்கு மாற்றிப் பாருங்கள். சில பயாஸ்களில் 'கம்பாட்டிபிள்' என்று இருக்கும். பெரும்பாலும் இதிலேயே சரியாகிவிடும். அதே டிஸ்க்கில் ஏற்கெனவே ஏஎச்சிஐயில் நிறுவிய விண்டோஸ் 7 இருந்தால் மட்டும் கவனம். மாற்றியதும் அதுவும் இதே நீலத்திரையில் நின்றுவிடலாம்.

ஐடிஇ தேர்வே இல்லையா? நிறுவல் தொடங்கும்போது எஃப்6 அழுத்தி டிரைவர் கொடுக்கலாம்தான், ஆனால் அது ஃபிளாப்பியைக் கேட்கும் (இப்போது யாரிடம் இருக்கிறது!). எக்ஸ்பி சிடியை மாற்றியமைக்கும் என்லைட் மென்பொருள் மூலம் உங்கள் சிப்செட்டுக்கான டிரைவரைச் சேர்த்துப் புதுச் சிடி எழுதுவதே சுலபம். அப்புறம், ஐடிஇயில் நிறுவிவிட்டு டிரைவர் போடாமல் ஏஎச்சிஐக்குத் திரும்பிவிடாதீர்கள்.