முற்பணம் வாங்கிவிட்டோம், தங்கச்சி ஓமான் போகத்தான் வேண்டுமா?

மூதூரிலிருந்து ஒரு அண்ணன் கேட்கிறார்: தெரிந்த பெண்ணொருவர் மூலமாகத் தங்கச்சிக்கு ஓமானில் வீட்டு வேலை. 3 லட்சம் ரூபா முற்பணம் தந்து பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருக்கிறார்கள், விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாமாம். தங்கச்சிக்கு இப்போது பயம். போகாவிட்டால் இரட்டிப்பாகக் காசு தா, இல்லையென்றால் பொலிஸ் என்று மிரட்டுகிறார்கள்.

தங்கச்சி போகத் தேவையில்லை. அந்தக் காசைக் கடனென்றே வைத்தாலும் அவர்கள் சிவில் வழக்குப் போட்டுத்தான் கேட்கலாம். கடனைச் சொல்லி ஆளை வேலைக்கு அடைப்பது இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 358அ பிரிவின்படி குற்றம்.

கட்டி வேனில் ஏற்றினால்தான் மனிதக் கடத்தல் என்று நம் சனம் நினைக்கிறது. 2006இல் திருத்தப்பட்ட அதே சட்டக்கோவையின் 360இ பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரின் கஷ்டத்தைப் பயன்படுத்தியோ, சுரண்டும் நோக்கத்தோடு ஆள் சேர்ப்பதே குற்றம், 2 முதல் 20 வருடம் வரை சிறை. சேர்ப்பவர் சொந்தக்காரராக இருந்தாலும், உங்கள் வீட்டார் சம்மதித்துக் காசு வாங்கியிருந்தாலும் அவர் தப்ப முடியாது. விசிட் விசாதான் இதில் பெரிய எச்சரிக்கை, ஏனென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் அப்படிப் போகிறவருக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை, அடித்தாலும் சம்பளம் தராவிட்டாலும் பிடித்துக் கேட்க ஆள் இல்லை. 2022இல் ஓமானில் சிக்கிய நம் பெண்கள் பலர் இப்படிச் சுற்றுலா விசாவில் போனவர்கள்தான்.

சரி, இனி செய்ய வேண்டியது. அவர்களோடு சண்டை வேண்டாம். வட்ஸ்அப் குரல் பதிவுகள், காசு வந்த வங்கிச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள், வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்து வைக்காதீர்கள். முகவரின் அனுமதி இலக்கத்தைக் கேட்டு, பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். அனுமதியில்லாமல் ஆள் அனுப்புவது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தில் தனிக் குற்றம், அதனால் கடத்தல் நிரூபணமாகாவிட்டாலும் இது நிற்கும். பிரதேச செயலகத்திலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறார், போய்ப் பேசுங்கள்.

அப்புறம் பொலிஸ். மிரட்டலையும், கேட்டும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுவியுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். “இது காசுப் பிரச்சினை, பேசித் தீருங்கள்” என்று அனுப்பப் பார்ப்பார்கள். அப்படி நடந்தால் திருகோணமலையில் சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே கட்டணமில்லை. தங்கச்சியையும் கூட்டிப் போங்கள், நடந்ததை அவள் வாயால் சொல்லட்டும்.