கிழிந்த ஏர் பைப்புக்கு போர்வெல் பைப் போடலாமா?

கேள்வி: என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார். இரண்டு வருடத்துக்கு முன் பழைய கார் விற்கும் கன்சல்டிங்கில் வாங்கினேன். வாங்கும்போதே கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பா இல்லை. வெளியில் வாங்கி மாட்டிய கூம்பு ஃபில்டரும் அலுமினியப் பைப்பும்தான் இருந்தன. இப்போது அந்தப் பைப்பை எஞ்சினோடு சேர்க்கும் ரப்பர் எல்போ மடிப்பில் கிழிந்துவிட்டது. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, எஞ்சின் வேகம் ஏறி இறங்குகிறது, விசில் மாதிரி சத்தம் வருகிறது, மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிகிறது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, சென்சார் போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும் என்கிறார். சித்தப்பாவோ போர்வெல்லுக்கு வாங்கியதில் மீந்த பிவிசி பைப்பையும் சைக்கிள் டியூபையும் வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்கிறார். அடுத்த வாரம் சென்னை போக வேண்டும். என்ன செய்வது?
பர்கூர் வாசகர்

பதில்: சித்தப்பா சொல்வதில் பாதி சரி. மெக்கானிக் சொன்னதை இப்போதைக்குக் காதில் வாங்க வேண்டாம்.

அந்த சென்சார் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். மாங்காய் மண்டி வாசலில் ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்து உள்ளே வரும் லோடை எண்ணிச் சீட்டு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் உள்ளே கூலி பட்டுவாடா நடக்கிறது. பின்பக்க வேலியில் ஓட்டை விழுந்து, நாலு லோடு அந்த வழியாக வந்துவிட்டால் அவர் சீட்டில் அது ஏறாது. உங்கள் காரில் ஃபில்டரை ஒட்டி இருக்கும் ஏர் ஃப்ளோ சென்சார்தான் கணக்குப்பிள்ளை. கிழிந்த எல்போ அவருக்குப் பின்னால் இருக்கிறது. கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது, சீட்டில் உள்ள அளவுக்கு மட்டும் பெட்ரோல் விழுகிறது, எஞ்சின் தடுமாறுகிறது. ஸ்கேனரில் பி 0171 என்ற கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்திருந்தால் அதற்கு அர்த்தம் ‘காற்று அதிகம், பெட்ரோல் குறைவு’ என்பது மட்டும்தான். சென்சாரை மாற்று என்று அது எங்கேயும் சொல்லவில்லை. ஒன்பதாயிரம் கொடுத்துப் புதுக் கணக்குப்பிள்ளையை உட்கார வைத்தாலும் வேலி ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இப்போது ஸ்கேனர் மலிந்துவிட்டது. கையில் மெஷின் இருக்கிறவரெல்லாம் டாக்டர். கோடு படிக்க ஒரு காசு, அழிக்க ஒரு காசு, நாலு நாளில் விளக்கு மறுபடி எரிந்தால் ‘சென்சார் வீக்’ என்று ஒரு காசு. பானெட்டைத் திறந்து பைப்பை ஒரு தடவை அழுத்திப் பார்க்கிற ஆள் குறைந்துபோனார். இதில் ஸ்பேர் கடை கமிஷன் வேறு. ‘இந்தக் கடையில் மட்டும் வாங்குங்கள்’ என்று உங்களை ஒருவர் அனுப்பினால், பில்லில் அவர் பங்கும் சேர்ந்தே வரும். அந்த சென்சார் அட்டைப்பெட்டியில் கம்பெனி பெயர் இருக்கும், ஹாலோகிராம்கூட இருக்கும், உள்ளே இருப்பது என்னவோ கடவுளுக்குத்தான் வெளிச்சம். போன மாதம் ஒருவர் இப்படி வாங்கிய ‘ஒரிஜினல்’ சென்சாரோடு என் பட்டறைக்கு வந்தார். பழையதைத் திரும்ப மாட்டிப் பைப் கிளாம்பை இறுக்கினேன். வண்டி சரியாகிவிட்டது. கடைக்காரர் சென்சாரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் கிடையாதாம்.

சரி, சித்தப்பாவின் யோசனைக்கு வருவோம்.

பிவிசி வேண்டாம். சூடு பட்டால் இளகும் என்பது உங்களுக்கே தெரியும். 80 டிகிரியை நெருங்கினாலே பிவிசி கெட்டித்தன்மையை இழக்கும். வெயில் காலத்தில் டிராஃபிக்கில் நிற்கும்போது சைலன்சர் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணம். ஆனால் பெரிய காரணம் வேறு. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டார்ட் ஆகும்போதும் கியர் மாற்றும்போதும் ஆடும். உங்கள் ஃபில்டரும் பைப்பும் பாடியில் பிடித்திருக்கின்றன, அவை ஆடாது. நடுவில் அந்த எல்போவை மடிப்பு மடிப்பாக ரப்பரில் செய்து வைத்திருப்பது இந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ளத்தான். அந்த இடத்தில் விறைப்பான பைப்பைப் போட்டால் வேறு எங்காவது விரிசல் விடும். எம்சீல் வைத்து அடைப்பதும் இதே கதைதான். காய்ந்து கல்லான பிறகு ஆட்டத்தில் பெயர்ந்து, துண்டு துண்டாக எஞ்சினுக்குள் போகும்.

சிலிகான் பேஸ்ட்டையும் கண்டபடி பூசாதீர்கள். வினிகர் வாடை அடிக்கிற மலிவுப் பேஸ்ட்டின் ஆவி உள்ளே போனால் சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கெடும். ஒரு சென்சாரைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கொன்ற கணக்காகிவிடும்.

சைக்கிள் டியூப் மட்டும் பரவாயில்லை, அதுவும் இரண்டு மூன்று நாளைக்கு. எல்போவைக் கழற்றி, கிழிசலைச் சுற்றி உள்ளும் புறமும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, டியூபைப் பட்டையாக வெட்டி வெளிப்பக்கம் மட்டும் இழுத்து இழுத்துச் சுற்றி, இரண்டு ஓரத்திலும் கிளாம்ப் போடுங்கள். உள்பக்கம் எதையும் ஒட்டாதீர்கள்.

நிரந்தரமாக நான் சொல்வது டிராக்டர் ஏர் கிளீனர் ஹோஸ். கிருஷ்ணகிரி, தருமபுரி எந்த டிராக்டர் ஸ்பேர் கடையிலும் கிடைக்கும், விலையும் சில நூறு ரூபாய்க்குள்தான். புழுதிக் காட்டில் காற்று உறிஞ்சவே செய்த ரப்பர் அது, துணி நெய்து கெட்டியாக இருக்கும். வளைவாக வார்த்த எல்போவாகவே கேளுங்கள். நேர் ஹோஸை வாங்கி வளைத்தால், எஞ்சின் இழுக்கும்போது வளைவில் உள்வாங்கிச் சப்பையாகிவிடும். நம்பர் சொல்லி வாங்காமல் பழைய எல்போவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், உள்விட்டத்தை வெர்னியரில் அளந்து பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் லூசாக இருந்தால் பல சுற்று டேப் சுற்றி அடைக்க வேண்டாம். லேத் பட்டறையில் நைலானிலோ அலுமினியத்திலோ இடைவெளியை நிரப்பும் வளையமாக ஒரு ஸ்லீவ் கடைந்து தருவார்கள். ரேடியேட்டர் ஹோஸ் கைவசம் இருக்கிறது, போடலாமா என்று சிலர் கேட்பார்கள். அந்த ரப்பர் தண்ணீர் தாங்கும், எண்ணெய் தாங்காது, எண்ணெய் ஆவி பட்டுப் பட்டு ஊறிப் புடைக்கும். பழைய எல்போவில் பெருவிரல் கனத்துக்கு ஒரு பிரீதர் குழாய் சேர்கிறது அல்லவா, அந்த ஆவி வருவது அங்கிருந்துதான். புது ஹோஸிலும் அதற்கு வழி வைக்க வேண்டும். அடைத்துவிட்டால் எஞ்சின் சீல் வழியாக ஆயில் வெளியே தள்ளும்.

அலுமினியப் பைப்பில் சென்சார் உட்கார்ந்திருக்கும் பகுதியை மட்டும் தொடாதீர்கள். ‘இன்னும் பெரிய பைப் போட்டால் பிக்கப் வரும்’ என்று யாராவது வருவார்கள். 60 மி.மீ. பைப்பில் அளந்து பழகிய சென்சாரை 70 மி.மீ. பைப்புக்கு மாற்றினால், அதே காற்று மெதுவாக நகரும், சென்சார் கிட்டத்தட்ட கால் பங்கு குறைத்துச் சொல்லும். ஓட்டையே இல்லாமல் ஓட்டை விழுந்த மாதிரி.

வேலை முடிந்ததும் பகலில் சோதிக்காதீர்கள். ராத்திரி இருட்டான இடத்தில், பைப்பையும் எல்போவையும் ஒன்றோடொன்று மாட்டிய நிலையிலேயே வண்டியிலிருந்து கழற்றி, உள்ளே செல்போன் டார்ச்சை விட்டு ஒரு வாயைத் துணியால் மூடிப் பாருங்கள். வெளிச்சம் ஊசி முனை அளவு தெரிந்தாலும் அங்கே காற்றும் போகும், புழுதியும் போகும். அப்படியே ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி எல்போவின் எஞ்சின் பக்கத்து வாயில் உள்ளே தடவுங்கள். லேசான எண்ணெய்க் கறை இருந்தால் கவலை இல்லை. சாம்பல் நிறத்தில் நறநறவென்று வந்தால் அது கிரானைட் மாவு, பர்கூரில் வேறென்ன வரும்? அதில் இருக்கும் குவார்ட்ஸ் இரும்பைச் சுரண்டும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேய்ந்து ஆயில் குடிக்க ஆரம்பித்தால் பிறகு எஞ்சின் வேலைதான். நீங்கள் சத்தத்துக்கும் விளக்குக்கும் பயப்படுகிறீர்கள், நான் பயப்படுவது இந்த மாவுக்குத்தான்.

இன்னொன்று, இதைப் படிக்கிற டீசல்காரர்களுக்கு. மேலே சொன்னது எல்லாம் டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி, இல்லாத பெட்ரோல் வண்டிக்கு. டர்போ வண்டியில் டர்போவுக்குப் பிறகு வரும் பைப்பில் காற்று உறிஞ்சப்படுவதில்லை, வெளிக்காற்றைவிட ஒரு மடங்குக்கு மேல் கூடுதல் அழுத்தத்தில் தள்ளப்படுகிறது. அங்கே சைக்கிள் டியூப் பலூன் மாதிரி ஊதி வெடிக்கும். டிராக்டர் ஏர் கிளீனர் ஹோஸும் அங்கே கூடாது, அது உறிஞ்சும் பக்கத்து ரப்பர். ‘டர்போவுக்கு முன்னால்தானே, அது உறிஞ்சும் பக்கம்தானே’ என்று ஒருவர் கேட்டார். அங்கே இன்னும் ஆபத்து. உள்ளே இருக்கும் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. சுற்றிய டேப்பில் விரல் நகம் அளவு துண்டு பிய்ந்து உள்ளே போனாலும் இறக்கை போச்சு, டர்போ போச்சு. சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது, முன்னும் பின்னும் லாரி இருக்கையில் அந்த ஹோஸ் கழன்று வண்டி இழுக்காமல் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே டர்போ என்றால் அதற்கென்று வார்த்த ஹோஸ், அதற்கென்று உள்ள கிளாம்ப். மறுபடியும் சொல்கிறேன், டர்போ என்றால் ஒட்டு வேலை கிடையாது.

கடைசியில் அந்தக் கூம்பு ஃபில்டர். உங்கள் ஊருக்கு அது வேண்டாம். எண்ணெய் தடவிய துணி ஃபில்டரில் எண்ணெய் கூடினால் சென்சார் கம்பியில் படியும், குறைந்தால் புழுதி விடும். அது உறிஞ்சுவதும் எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றைத்தான். கம்பெனி டப்பாவும் பேப்பர் ஃபில்டரும் திரும்ப வர வேண்டும். ஷோரூமில் கேட்டால் ஒரு ரப்பர் துண்டுக்கு முழு அசெம்பிளியை வாங்கச் சொல்வார்கள், அது அவர்கள் வழக்கம். காயலான் கடையில் அதே மாடல் டப்பாவைத் தேடுங்கள். கிளிப் உடையாமல், சென்சார் உட்காரும் கூடும் சேர்ந்து இருக்க வேண்டும். விற்ற கன்சல்டிங்கையும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். டப்பா அவர்கள் கிடங்கில் கிடந்தால் ஆச்சரியமில்லை. கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. புகைச் சான்றிதழ் எடுக்கிற இடத்தில் யாரும் பானெட்டைத் திறந்து பார்ப்பதில்லை, காசு வாங்கிச் சீட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் விபத்து க்ளெய்முக்கு வருகிற இன்சூரன்ஸ் சர்வேயர் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்.

சென்னைக்குப் போகலாமா என்று கேட்டீர்கள். புது ஹோஸ் மாட்டி, டார்ச் சோதனை முடிந்து, ஐடில் ஏறி இறங்காமல் சீராகிவிட்டால் தாராளமாகப் போங்கள். எஞ்சின் விளக்கு உடனே அணையாது, கோளாறு திரும்ப வராமல் மூன்று முறை ஓட்டினால் தானாக அணையும், அழிக்கக் காசு கொடுக்க வேண்டாம். அதற்குப் பிறகும் எரிந்தால் அப்போது சென்சாரைக் கழற்றி, அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயில் சுத்தம் செய்து பார்க்கலாம். கம்பியில் விரல் படக் கூடாது. சைக்கிள் டியூப் சுற்றிய நிலையிலேயே புறப்படுவதாக இருந்தால் வாணியம்பாடியில் டீ குடிக்க நிற்கும்போது கிளாம்ப்பை ஒரு தடவை கையால் ஆட்டிப் பாருங்கள். குவாரி லாரி போகும் மண் ரோட்டில் மட்டும் அந்த வண்டியை விடாதீர்கள்.