இத்தாலியில் பழைய கல்வீடு: எந்த ஹீட்டிங் போடலாம்?

மலைக் கிராமங்களில் பழைய கல்வீடு வாங்கியவர்களும் வாடகைக்கு எடுத்தவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். நான் இந்த நாட்டில் பல வருடங்களாக பாய்லர், குழாய் வேலை செய்பவன். பெரும்பாலும் இந்த மாதிரி வீடுகளில்தான்.

கேள்வி: அண்ணா, பெருஜியாவுக்குப் பக்கத்தில் 140 சதுர மீட்டரில் கல்வீடு வாங்கியிருக்கிறோம். சுவர் 60 சென்டிமீட்டர். இவ்வளவு தடித்த சுவருக்குச் சின்ன பாய்லரே போதும் என்கிறார் விற்றவர். சரிதானா?

பதில்: இல்லை தம்பி. ஆகஸ்டில் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் குளுகுளுவென்று இருக்கும். அதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கல் வெப்பத்தைத் தடுப்பதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. அந்தச் சுவரில் ஒரு சதுர மீட்டரே ஒரு டன்னுக்கு மேல் எடை. நூறு சதுர மீட்டர் சுவரை ஒரே ஒரு டிகிரி ஏற்றுவதற்கு ஏறக்குறைய 30 யூனிட் (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட், ஒரு கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். ஏறிய பிறகும், இன்றைக்குக் கட்டும் நல்ல சுவரைவிடப் பல மடங்கு வேகமாக வெளியே விட்டுவிடும்.

அதனால் பாய்லர் விலை கேட்பதற்கு முன்னால் ஒரு ஏணியை வைத்துக் கூரைக்கு ஏறிப் பாருங்கள். மர உத்தரம், மேலே மெல்லிய செங்கல், அதற்கு மேல் ஓடு. இடையில் பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஓட்டைக் கழற்றி, 14 அல்லது 16 சென்டிமீட்டர் மரநார்ப் பலகை போட்டு, அதே பழைய ஓட்டைத் திரும்ப அடுக்கலாம். சுவரை யாரும் தொடவே வேண்டாம். அப்புறம் ஜன்னல். அதற்கு அப்புறம்தான் பாய்லர்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர் கூரைக்குப் பணமில்லை என்றார். சரி என்று பெரிய பாய்லராகப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஓடுகளில் பனி வெள்ளையாகக் கிடக்க, இவர் ஓட்டில் மட்டும் உருகி வழிந்துகொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்துக் கடன் வாங்கிக் கூரையைச் செய்தார். அப்போது பாய்லர் தேவைக்கு இரண்டு மடங்காக நின்றது. அவருடைய காசை இரண்டு முறை செலவழிக்க வைத்தேன் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. ஆகவே எந்த வேலைக்காரர் வந்தாலும், அறை அறையாக வெப்பக் கணக்கு போடாமல் பாய்லர் அளவு சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: அதே வீடுதான் அண்ணா. கூரை வேலை வசந்தத்தில். ஊரில் குழாய் எரிவாயு இல்லை, தோட்டத்தில் எல்பிஜி தொட்டி இருக்கிறது. ரேடியேட்டர்கள் (சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் பெட்டிகள்) பழைய வார்ப்பிரும்பு. ஹீட் பம்ப் (வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் மின்சார இயந்திரம்) வேலை செய்யுமா, இல்லை அடியில் சுடுநீர்க் குழாய் போடத் தரையையெல்லாம் உடைக்க வேண்டுமா?

பதில்: உடைக்காதீர்கள். அந்தச் சுட்டமண் தரை மறுபடி கிடைக்காது.

முதலில் காசில்லாத ஒரு சோதனை. ஜனவரியில் நல்ல குளிர் நாட்களாகப் பார்த்து, பாய்லர் தண்ணீரின் சூட்டை 50 டிகிரிக்கு இறக்கிவிட்டு மூன்று நாலு நாள் விடுங்கள். ரேடியேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் தெரியும், பயப்படாதீர்கள். வீடு 19, 20 டிகிரியில் நின்றால், அதே ரேடியேட்டர்களோடு ஹீட் பம்ப் ஓடும். பழைய வார்ப்பிரும்பு ரேடியேட்டர்களை அந்தக் காலத்தில் தாராளமாகப் போட்டிருப்பார்கள், அதனால் பல வீடுகளில் நிற்கிறது. நிற்காவிட்டால் குளிரும் அறையில் மட்டும் பெரிய ரேடியேட்டர் மாற்றினால் போதும். கூரை முடிந்த பிறகு ஒருமுறை மறுபடி சோதியுங்கள், இன்னும் குறைந்த சூட்டுத் தண்ணீரே போதும்.

செலவுக் கணக்கு எளிது. ஒரு லிட்டர் எல்பிஜி, பாய்லர் இழப்பு போகச் சுமார் 6 யூனிட் வெப்பம் தரும். ஹீட் பம்ப் ஒரு யூனிட் கரண்டுக்கு, இந்தச் சூட்டில், ஏறக்குறைய 3 யூனிட் வெப்பம் தரும். ஆகவே உங்கள் எல்பிஜி லிட்டர் விலை, கரண்ட் யூனிட் விலையின் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் ஹீட் பம்ப் லாபம். இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இரண்டு விஷயம் மறக்க வேண்டாம். வீடுகளுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் 3 கிலோவாட் இணைப்பு போதாது. அடுப்பும் சலவை இயந்திரமும் சேர்ந்தால் மீட்டர் தானாகவே கரண்டை நிறுத்திவிடும், 6 கேளுங்கள். இன்னொன்று பணம். எரிவாயுவில் மட்டும் ஓடும் பாய்லருக்கு 2025 முதல் வரிச்சலுகை இல்லை. பழையதை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைத்தால் ‘கோன்தோ தெர்மிகோ’ என்ற அரசு மானியத் திட்டத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதற்கான தாள்களை யார் செய்வார் என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: நாங்கள் மிலானில் இருக்கிறோம். டஸ்கனியின் வடக்கு மலைப்பகுதியான லூனிஜானாவில் மாமனாரின் கல்வீடு. மாதத்தில் இரண்டு வார இறுதிதான் போவோம். தரைக்கடி ஹீட்டிங் சுகமாக இருக்கும் என்கிறார்கள்.

பதில்: சுகம்தான், அங்கேயே குடியிருப்பவர்களுக்கு. வெள்ளி இரவு போட்டால் ஞாயிறு மதியம் நீங்கள் பூட்டிக் கிளம்பும்போதுதான் அந்த வீடு சூடாகும். உங்களுக்கு வேண்டியது காற்றைச் சட்டென்று சூடாக்குவது. நடுக்கூடத்தில் ஒரு பெல்லட் அடுப்பு (அழுத்திய மரத்தூள் குச்சிகளை எரிப்பது), படுக்கையறையில் சின்ன மின்சார ஹீட்டர், போதும். நீங்கள் உட்காரும் அறையின் வெளிச்சுவருக்கு மட்டும் உள்பக்கமாகத் தக்கைப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் போட்டால் வித்தியாசம் முதல் இரவிலேயே தெரியும். கிளம்பும்போது குழாயில் தண்ணீரை வடித்துவிடுங்கள். உறைந்து வெடித்த குழாயை ஏப்ரலில் கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

கேள்வி: பியமோந்தேயில் இருக்கிறோம். சொந்தமாகக் காட்டுத்துண்டு இருக்கிறது, விறகு இலவசம். அப்படியானால் விறகு அடுப்புதானே சரி?

பதில்: சரிதான் அக்கா, விறகு காய்ந்திருந்தால். வெட்டிய மரத்தில் பாதி எடை தண்ணீராகவே இருக்கும். அதை எரித்தால் கிலோவுக்கு 2 யூனிட்கூட ஒழுங்காக வராது. இரண்டு கோடை காற்றோட்டமாக அடுக்கி வைத்ததில் 4 வரும். வாங்கும் பெல்லட்டில் 5க்குக் கொஞ்சம் குறைவு. செஸ்நட் மரம் பொறி தெறிக்கும், மூடிய அடுப்பில் மட்டும் போடுங்கள்.

உங்கள் பக்கத்துப் போ ஆற்றுச் சமவெளியை ஆல்ப்ஸும் அப்பெனைனும் மூன்று பக்கம் சூழ்ந்திருப்பதால் குளிர்காலப் புகை கலையாமல் அங்கேயே நிற்கும். அதனால் உங்கள் பகுதியில் விறகு, பெல்லட் அடுப்புகளுக்கு, எவ்வளவு குறைவாகப் புகைக்கும் என்பதற்கு நட்சத்திரக் கணக்கு உண்டு. புதிதாக வைப்பதென்றால் அதிக நட்சத்திரம் உள்ளதுதான் வேண்டும். எத்தனை நட்சத்திரம் என்று உங்கள் கொமூனேயில் (ஊர் நகராட்சியில்) கேட்டுவிட்டு வாங்குங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: 15 கிலோ மூட்டையையோ விறகுக் கட்டையோ 70 வயதில் யார் மாடிக்குத் தூக்குவது?

கேள்வி: சுவர் அடியில் ஈரம், கறுப்புப் பூஞ்சை. ஹீட்டிங்கைக் கூட்டினால் காய்ந்துவிடுமா?

பதில்: காயாது. பெரும்பாலும் யாரோ சிமெண்ட் பூசியிருப்பார்கள். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் மேலே மேலே போகும். சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சு போடுங்கள், வெளியே மழைநீர் சுவரை விட்டு ஓட வழி செய்யுங்கள். தெர்மோகோல் பலகை ஒட்டி மறைக்கவே வேண்டாம், உள்ளே அழுகும்.

கேள்வி: பலேர்மோவில் பழைய கல் கட்டிடத்தில் இரண்டாம் மாடி. எங்களுக்கும் பாய்லர் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அங்கே குளிர் குறைவு, சட்டப்படியே டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளுக்கு 8 மணி நேரம்தான் ஹீட்டிங். பெருஜியாவில் அது அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, 14 மணி நேரம். சூடும் தரக்கூடிய நல்ல ஏசி ஒன்று, ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, போதும். பழைய நகரப் பகுதி என்றால் வெளி யூனிட்டைத் தெருமுகப்பில் மாட்டுவதற்கு முன் அனுமதி கேளுங்கள். உள்முற்றத்துப் பக்கம் என்றால் தொல்லை குறைவு.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார், குளிர் தாங்கவில்லை. வீட்டுக்கார அம்மா பரணிலிருந்து ஒரு மரச்சட்டத்தை எடுத்துக் கொடுத்தார். ‘ப்ரேத்தே’ என்கிறார். கணப்புச் சட்டியை அதற்குள் வைத்துப் போர்வைக்கு அடியில் வைப்பார்களாம். செய்யலாமா?

பதில்: ப்ரேத்தே என்றால் பாதிரியார். வளைந்த அந்தச் சட்டம் போர்வையைத் தூக்கிப் பிடிக்கும், நடுவில் கனல் சட்டி நிற்கும். படுப்பதற்கு முன் எடுத்துவிடுவார்கள். அந்தக் காலத்துக் கல்வீட்டில் மாடுகள் கீழே, மனிதர்கள் மேலே. மாட்டின் சூடும் சமையலறை அடுப்பும்தான் வீட்டின் ஹீட்டிங்.

ஆனால் தயவுசெய்து கனலைப் படுக்கையறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அந்த ஜன்னல்களில் காற்று புகுந்துகொண்டிருந்தது. இப்போது இறுக்கமான ஜன்னல், கார்பன் மோனாக்சைடு தேங்கும், வாசனையும் தெரியாது. படுக்கைக்கு வெந்நீர்ப் பை வையுங்கள். அம்மாவுக்குத் தெற்குப் பார்த்த ஒரு அறையைக் கொடுத்து, அந்த ஒன்றை மட்டும் 20 டிகிரியில் வையுங்கள். கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிப் போடுங்கள், குளிர்ந்த கல்லுக்குப் பக்கத்தில் படுத்தால் அறை சூடாக இருந்தாலும் உடம்பு குளிரும். வீட்டில் அடுப்போ பாய்லரோ எரிகிறது என்றால் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை இந்த வாரமே வாங்கி மாட்டுங்கள்.